காற்று, சூரிய மின்சாரத்தை நாடு முழுவதும் கொண்டுசெல்ல எந்த வழி? ஐந்து மின்பாதைத் திட்டங்களின் ஒப்பீடு

காற்றாலைகளும் சூரிய மின் பூங்காக்களும் அமையும் இடம் ஒன்று. மின்சாரத்தைச் செலவழிக்கும் நகரங்களும் ஆலைகளும் இருக்கும் இடம் வேறு. அனல் மின்நிலையத்தையாவது நகரத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டு நிலக்கரியை ரயிலில் வரவழைக்கலாம். காற்றை ரயிலில் ஏற்ற முடியாது. அதனால் புதுப்பிக்கத்தக்க ஆற்றலை நம்பத் தொடங்கிய எந்தத் தேசிய மின் தொகுப்பிலும் சில கேள்விகள் தவறாமல் எழுகின்றன. இருக்கும் பாதையின் கம்பியை மாற்றினால் போதாதா, புதிய 765 கிலோவோல்ட் கோபுரங்கள் வேண்டுமா, நேர்திசை (டி.சி.) மின்பாதைக்கு மாறுவதா, கேபிளை மண்ணுக்குள் புதைத்துவிட்டால் எதிர்ப்பு அடங்கிவிடாதா, பேட்டரி விலை இவ்வளவு இறங்கிய பிறகு பாதையே எதற்கு என்பவை அவை.

கேட்பவர்களில் பெரும்பாலோர் ஒரு மெகாவாட்டைக் கொண்டுசெல்ல எவ்வளவு செலவாகும் என்ற ஒரே எண்ணை எதிர்பார்க்கிறார்கள். அந்த எண்ணிலிருந்து தொடங்குவது பயன் தராது என்பது என் கருத்து. இன்றைய பாதையில் மின்சாரம் எந்தக் காரணத்தால் தடைபடுகிறது, ஆண்டில் எத்தனை மணி நேரம் தடைபடுகிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், ஐந்து வழிகளில் இரண்டோ மூன்றோ தாமாகவே விலகிவிடும்.

## முதலில் அளவுகோல்கள்

முதல் அளவுகோல், பாதையைக் கட்டுப்படுத்துவது எது என்பது. ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்குட்பட்ட பாதைகளில் தடையாவது வெப்பம்: மின்னோட்டம் கூடினால் கம்பி சூடேறி நீண்டு தொய்கிறது, தொய்ந்த கம்பி மரத்தையோ தரையையோ நெருங்கக் கூடாது என்பதுதான் எல்லை. அதற்கு மேல் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வரை, மறுமுனையில் மின்னழுத்தம் விழுந்துவிடுவது எல்லையாகிறது. அதைவிடவும் நீண்ட பாதைகளில் இரு முனைகளும் ஒரே தாளத்தில் இயங்குவது, அதாவது தொகுப்பின் நிலைப்புத்தன்மை, கேள்விக்குள்ளாகிறது. கம்பி சூடேறுவதற்கு வெகு முன்பே மின்சாரத்தை நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். இந்த மூன்று நோய்களுக்கும் மருந்து ஒன்றல்ல.

இரண்டாவது, நெரிசலின் நேரம். ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1,000 மெகாவாட் சூரிய மின் பூங்கா ஒன்றின் பாதை 800 மெகாவாட்டை மட்டுமே தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டில் 600 மணி நேரம் உற்பத்தி அந்த எல்லையைத் தாண்டுகிறது, தாண்டும்போது சராசரியாக 100 மெகாவாட் வீணாகிறது என்றால், இழப்பு 60,000 மெகாவாட் மணி. பூங்கா தன் திறனில் 25 சதவீத அளவுக்கு உற்பத்தி செய்தால் ஆண்டு உற்பத்தி 21,90,000 மெகாவாட் மணி. அதில் வீணாவது 2.7 சதவீதம். இதற்காகப் புதிய கோபுர வரிசை கட்டுவது வீண். ஜெர்மனியில் காற்றாலை, சூரிய மின்சாரத்தின் ஆண்டு உற்பத்தியில் 3 சதவீதம் வரை நிறுத்திவைக்கப்படும் என்று கருதியே மின்பாதைகளைத் திட்டமிடச் சட்டம் இடம் தருவது இதனால்தான். அதே நெரிசல் ஆண்டில் 2,500 மணி நேரம் நீடித்தால் கணக்கு அடியோடு மாறிவிடும்.

மூன்றாவது, காலம். சூரிய மின் பூங்காவை ஓரிரு ஆண்டுகளில் நிறுவிவிடலாம்; நிலமும் அனுமதியும் தேவைப்படும் நீண்ட பாதைக்குப் பெரும்பாலும் அதைப் போலப் பல மடங்கு காலம் ஆகிறது. நான்காவது, பாதை செல்லும் நிலமும் அங்குள்ள மக்களின் இசைவும். ஐந்தாவது, திட்டமிடுவோர் தவிர மற்றவர் அதிகம் பேசாதது: இந்தப் பாதை திடீரென்று அறுந்தால் என்ன ஆகும்? எந்த ஒரு பாதையோ கருவியோ செயலிழந்தாலும் எஞ்சியவை சுமையைத் தாங்க வேண்டும் என்பது மின் தொகுப்பின் அடிப்படை விதி. ஆகவே பெரிய பாதை எதுவானாலும் அதற்கு மாற்றாக எங்கோ ஓரிடத்தில் இருப்புத் திறனைத் தயாராக வைத்திருக்கும் செலவும் அதன் விலையில் அடங்கியதுதான்.

## வழி 1: இருக்கும் பாதையிலேயே கூடுதல் மின்சாரம்

இதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, எஃகு நடுவம் கொண்ட பழைய அலுமினியக் கம்பியை எடுத்துவிட்டு, உயர் வெப்பத்திலும் குறைவாகவே தொய்யும் எச்.டி.எல்.எஸ். வகைக் கம்பியை அதே கோபுரங்களில் ஏற்றுவது. கார்பன் இழையாலான நடுவம் எஃகைவிட இலேசானது, சூட்டில் மிகக் குறைவாக நீள்வது. அதனால் அதே தடிமனுக்குள் கூடுதல் அலுமினியத்தை வைக்க முடிகிறது, ஏறத்தாழ இரு மடங்கு மின்னோட்டத்தையும் அனுப்ப முடிகிறது. புதிய நிலம் வேண்டாம் என்பதே இதன் பெரிய வலிமை.

மற்றொன்று, கம்பியையும் மாற்றாமல், அந்தந்த நேரத்து வானிலையைக் கொண்டு பாதையின் திறனைக் கணக்கிடுவது. பழைய முறையில், கடும் வெயிலும் அசையாக் காற்றும் உள்ள மிக மோசமான நாளை மனத்தில் கொண்டு ஒரு நிலையான எல்லை விதிக்கப்படும். உண்மையில் நொடிக்குச் சில மீட்டர் வேகத்தில் குறுக்காக வீசும் காற்றே கம்பியைக் கணிசமாகக் குளிர்வித்துவிடும். காற்றாலைகள் முழு வேகத்தில் சுழலும் நேரமும் அவற்றின் பாதை குளிர்ந்திருக்கும் நேரமும் பெரும்பாலும் ஒன்றே என்பதால், காற்றாலைப் பகுதிகளுக்கு இது இயல்பாகவே பொருந்துகிறது. சூரிய மின்சாரத்துக்கு நிலைமை நேர் எதிர்: உற்பத்தி உச்சத்தில் இருக்கும் காற்றில்லாத நண்பகலில்தான் கம்பியின் தாங்குதிறன் குறைந்திருக்கும். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் உணரிக் கருவிகளை விற்பவர்களின் சராசரிக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம்.

மறைசெலவுகள் மூன்று. மின்னோட்டம் இரட்டித்தால் அதே மின்தடையில் இழப்பு நான்கு மடங்காகும். நாள் முழுவதும் நிரம்பி ஓடும் பாதையில் இது பெரிய தொகை. அடுத்தது, கம்பியை மாற்றிவிட்டு மின்மாற்றி, சர்க்யூட் பிரேக்கர், பழுதை உணர்ந்து துண்டிக்கச் சொல்லும் பாதுகாப்பு ரிலே ஆகியவற்றைப் பழையபடி விட்டால், நெரிசல் பாதையிலிருந்து துணை மின்நிலையத்துக்கு இடம் மாறுவதுதான் மிச்சம்.

மூன்றாவது, வேலை நடக்கும்போது பாதையை நிறுத்த வேண்டியிருப்பது. 2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாட்களில் வட இந்தியா இருளில் மூழ்கியதை நினைவில் கொள்ளலாம். மேற்கு, வடக்கு மண்டலங்களை இணைக்கும் பினா–குவாலியர்–ஆக்ரா தடத்தில் ஒரு சர்க்யூட் (தனித்து இயங்கும் ஒரு கம்பித் தொகுதி), 765 கிலோவோல்ட்டுக்கு உயர்த்தும் பணிக்காகவே அப்போது நிறுத்தப்பட்டிருந்தது. வேறு பல பாதைகளும் இயக்கத்தில் இல்லை. எஞ்சிய சர்க்யூட் மீது சுமை குவிந்து, பாதுகாப்பு ரிலே அதைப் பழுது என்று எடுத்துக்கொண்டு துண்டித்ததிலிருந்துதான் சரிவு தொடங்கியது. திறனைக் கூட்டும் பணி நடக்கும் மாதங்களில் திறன் குறைந்திருக்கும் என்பதைத் திட்ட அறிக்கைகள் ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம்.

பாதை குறுகியதாகவும் தடை வெப்பமாகவும் இருந்தால், இதை முடிக்காமல் வேறெதையும் தொடங்கக் கூடாது. 500 கிலோமீட்டர் பாதைக்கு இது ஏறக்குறைய பயனற்றது.

## வழி 2: புதிய மாறுதிசை மேல்நிலைப் பாதை

400, 500, 765 கிலோவோல்ட் மாறுதிசை (ஏ.சி.) பாதைகள் எல்லா நாடுகளும் பழகிய தொழில்நுட்பம். இவற்றின் தனிச்சிறப்பு, வழியில் எங்கு வேண்டுமானாலும் ஒரு துணை மின்நிலையத்தை அமைத்து மின்சாரத்தை ஏற்றவோ இறக்கவோ முடியும் என்பது. காற்றாலைகள் ஒரே இடத்தில் குவியாமல் நூறு, இருநூறு கிலோமீட்டருக்குப் பரவிக் கிடக்கும் பகுதியில் இதற்கு இணையாக வேறில்லை.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் இதற்கு நல்ல சான்று. மேற்குப் பகுதியின் காற்றை கிழக்கே உள்ள நகரங்களுக்குக் கொண்டுவர, காற்றாலைகள் வருவதற்கு முன்பாகவே மண்டலங்களை வரையறுத்து, ஏறத்தாழ 5,800 கிலோமீட்டர் நீளத்துக்கு 345 கிலோவோல்ட் பாதைகளை அமைத்தார்கள். 18,500 மெகாவாட் அளவுக்குத் திட்டமிடப்பட்ட அந்தப் பணி 2014 தொடக்கத்தில் நிறைவுற்றது; ஏறத்தாழ 700 கோடி டாலர் செலவு அந்தத் தொகுப்பின் எல்லா நுகர்வோர் மீதும் பகிரப்பட்டது. பாதை இல்லாததால் காற்றாலை வரவில்லை, காற்றாலை இல்லாததால் பாதை கட்டவில்லை என்ற முடிச்சை அவிழ்த்தது பொறியியல் அன்று, செலவைப் பகிரும் அந்த ஒழுங்குமுறை முடிவுதான்.

நீண்ட மாறுதிசைப் பாதையின் திறனைக் கூட்டத் தொடர் மின்தேக்கிகளைச் சேர்ப்பதுண்டு. 2009-இல் தெற்கு டெக்சஸில் ஒரு பாதை துண்டிக்கப்பட்டபோது, காற்றாலைப் பூங்கா ஒன்று அத்தகைய மின்தேக்கியுள்ள பாதை வழியாக மட்டுமே தொகுப்போடு இணைந்திருக்கும் நிலை ஏற்பட்டது. அலைவுகள் பெருகிக் காற்றாலைகளின் கருவிகள் சேதமடைந்தன. மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் உற்பத்தி நிலையங்கள் பெருகும் தொகுப்பில் இத்தகைய ஊடாட்டங்களை முன்கூட்டியே ஆராயும் செலவைத் திட்டத்தில் சேர்த்தாக வேண்டும்.

நிலத்தைப் பொறுத்தவரை ஒரு கணக்கு போதும். இரு கம்பிகள் கொண்ட கற்றையுடைய 400 கிலோவோல்ட் பாதையில் ஒரு சர்க்யூட்டின் இயல்பான சுமை ஏறத்தாழ 500 மெகாவாட். 6,000 மெகாவாட்டை நெடுந்தொலைவு அனுப்ப 12 சர்க்யூட்டுகள், அதாவது இரட்டைச் சர்க்யூட் கோபுரங்கள் ஆறு வரிசை தேவைப்படும். இந்திய விதிப்படி ஒவ்வொரு வரிசைக்கும் 46 மீட்டர் அகலம் என்றால் மொத்தம் 276 மீட்டர். அதே அளவைச் சுமக்கும் ±800 கிலோவோல்ட் நேர்திசைப் பாதைக்கு 69 மீட்டர் போதும். 765 கிலோவோல்ட் இரட்டைச் சர்க்யூட்டுக்கு 67 மீட்டர் தேவை. ஒரு சர்க்யூட் 2,000 மெகாவாட்டுக்கு மேல் சுமக்கும் என்பதால் அது இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

## வழி 3: நேர்திசை மேல்நிலைப் பாதை

1954-இல் சுவீடனின் கோட்லாந்து தீவுக்கு 20 மெகாவாட் கொண்டுசென்ற கடலடிக் கேபிளில் தொடங்கிய எச்.வி.டி.சி. (உயர் அழுத்த நேர்திசை) முறை, இன்று சீனாவின் சாங்ஜி–குசுவான் பாதையில் ±1,100 கிலோவோல்ட், 12,000 மெகாவாட், ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர் என்ற அளவுக்கு வளர்ந்திருக்கிறது. இந்தியாவில் சத்தீஸ்கரின் ராய்கரையும் தமிழ்நாட்டின் புகளூரையும் இணைக்கும் ±800 கிலோவோல்ட், 6,000 மெகாவாட் பாதை 2021-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நிலக்கரி மின்சாரத்தைத் தெற்கே கொண்டுவருவதை முதன்மையாகக் கருதித் தொடங்கப்பட்டாலும், தெற்கில் காற்று மிகும் காலத்தில் மின்சாரத்தை வடக்கே அனுப்பவும் அந்தப் பாதை உதவும். திசையையும் அளவையும் இயக்குநரே கட்டளையிட்டு மாற்றலாம் என்பதுதான் நேர்திசைப் பாதையின் அருமை. மாறுதிசையில் மின்சாரம் தனக்கு எளிதான வழியிலெல்லாம் தானாகவே பரவும்.

இதன் செலவு இரு முனைகளிலும் குவிந்திருக்கிறது. மாறுதிசையை நேர்திசையாகவும் மீண்டும் மாறுதிசையாகவும் மாற்றும் மாற்றி நிலையங்கள் விலை உயர்ந்தவை. ஒவ்வொன்றும் ஒரு சதவீதத்துக்கு நெருக்கமான மின் இழப்பையும் ஏற்படுத்தும். கோபுரமும் கம்பியும் மாறுதிசைப் பாதையைவிடச் சிக்கனமானவை. இந்த இரண்டும் சமமாகும் தொலைவு மேல்நிலைப் பாதைக்கு ஏறத்தாழ 600 முதல் 800 கிலோமீட்டர் என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அதற்குக் குறைவான தூரத்துக்கு நேர்திசையைப் பரிந்துரைப்பவர் வேறு காரணத்தைக் காட்ட வேண்டும்.

மாற்றிகளிலும் இரு வகை உண்டு என்பதைக் கவனிக்காமல் விலையை ஒப்பிடக் கூடாது. தைரிஸ்டர் என்ற மின்னணு விசைகளால் இயங்கும் பழைய வகை பெரும் அளவுக்கு ஏற்றது, இழப்பும் சற்றுக் குறைவு. ஆனால் இரு முனைகளிலும் வலுவான மாறுதிசைத் தொகுப்பு இருந்தால்தான் ஒழுங்காக இயங்கும். பாலைவனத்தில் சூரியத் தகடுகளைத் தவிர வேறெதுவும் இல்லாத முனையில் அந்த வலிமை இராது. அங்கே தொகுப்புக்கு வலிமை தரச் சுழலும் ஒத்தியங்கு இயந்திரங்களை (சிங்க்ரனஸ் கண்டென்சர்) நிறுவும் கூடுதல் செலவு வந்து சேரும். டிரான்சிஸ்டர்களால் இயங்கும் புதிய வகை மின்னழுத்தத்தைத் தானே உருவாக்கும், இருண்டுபோன தொகுப்பை மீண்டும் எழுப்பவும் வல்லது, விலை அதிகம்.

வழியில் எளிதாக இறக்க முடியாது என்பது அரசியல் சிக்கலும்கூட. தம் வயலில் கோபுரம் நிற்க, மின்சாரம் மட்டும் தம்மைத் தாண்டிப் போகிறதே என்ற மனக்குறையை இழப்பீடு முழுமையாகத் தீர்ப்பதில்லை. இந்திய மின் அமைச்சகத்தின் 2015-ஆம் ஆண்டு நெறிமுறை கோபுர அடிநிலத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதத்தையும் பாதை அகலத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதத்தையும் வகுத்திருந்தது; 2024-இல் அவை 200, 30 சதவீதமாக உயர்த்தப்பட்டன. பழைய விகிதத்தில் போடப்பட்ட செலவு மதிப்பீடுகளை இன்று மேற்கோள் காட்டுவது பொருத்தமாகாது.

6,000 மெகாவாட் பாதையில் ஒரு துருவம், அதாவது நேர், எதிர் என்ற இரு பாதிகளில் ஒன்று, விழுந்தாலே 3,000 மெகாவாட் நொடியில் மறையும். ஐரோப்பியக் கண்டம் முழுவதற்குமான தொகுப்பு, உடனடி இருப்பைத் திட்டமிடுவதற்கு எடுத்துக்கொள்ளும் மிகப் பெரிய இழப்பே 3,000 மெகாவாட்தான். சிறிய நாட்டுத் தொகுப்புக்கு இவ்வளவு பெரிய ஒற்றைப் பாதை ஆகாது.

## வழி 4: நிலத்தடி, கடலடிக் கேபிள்

கடலைக் கடக்க இதைத் தவிர வேறு வழியில்லை. நார்வேயையும் பிரிட்டனையும் 720 கிலோமீட்டர் கடலடிக் கேபிளால் இணைத்து 1,400 மெகாவாட்டைப் பரிமாறும் பாதை 2021 முதல் இயங்குகிறது. விவாதம் நிலத்துக்கு உரியது. கோபுரம் வேண்டாம், சாலையோரமாகக் கேபிளைப் புதையுங்கள் என்று தமிழ்நாட்டின் மேற்கு மாவட்ட விவசாயிகள் போராடியதையும், புகளூரிலிருந்து திருச்சூருக்குச் செல்லும் 2,000 மெகாவாட் பாதையின் கேரளப் பகுதி ஓரளவு கேபிளாகவே புதைக்கப்பட்டதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அந்தக் கோரிக்கை தொழில்நுட்ப ரீதியில் இயலாத ஒன்று அல்ல என்பது விளங்கும். ஆனால் அந்தப் பாதை நேர்திசை என்பதை மறக்கக் கூடாது. மிகை உயர் அழுத்த மாறுதிசைக் கேபிளைச் சில பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நீட்டினால், கேபிளே ஒரு பெரிய மின்தேக்கியாகி, தன் திறனைத் தனக்கே செலவழிக்கத் தொடங்கும்.

கேபிளைப் புதைத்தால் எதிர்ப்பு தணியும், வேலை விரையும் என்ற எதிர்பார்ப்பை ஜெர்மனியின் சூட்லிங்க் திட்டம் ஐயத்துக்குள்ளாக்குகிறது. வடக்கின் காற்று மின்சாரத்தைத் தெற்கே கொண்டுசெல்லும் ஏறத்தாழ 700 கிலோமீட்டர் பாதைக்கு, 2015 இறுதியில் வந்த சட்டத்தால் கேபிளே முன்னுரிமை என்றானது. தடத்தைப் புதிதாகத் திட்டமிட வேண்டி வந்தது. 2022-க்கு எதிர்பார்க்கப்பட்ட பாதையின் இலக்கு 2028-க்குத் தள்ளிப்போனது. ராஜஸ்தான், குஜராத்தில் கானமயில் என்னும் அரிய பறவை வாழும் பரப்பில் பாதைகளைப் புதைக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் உத்தரவிட்ட இந்திய உச்ச நீதிமன்றம், 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் ஒப்படைத்ததற்கும் நடைமுறைச் சாத்தியம் குறித்த இந்தக் கேள்விகளே காரணம்.

கேபிளின் மிகப் பெரிய மறைசெலவு பழுது. மேல்நிலைக் கம்பி அறுந்தால் பெரும்பாலும் சில நாட்களில் சரிசெய்யலாம். ஆஸ்திரேலியப் பெருநிலத்தையும் டாஸ்மேனியாவையும் இணைக்கும் பாஸ்லிங்க் கடலடிக் கேபிள் 2015 டிசம்பரில் பழுதானபோது, இடத்தைக் கண்டறிந்து, வெட்டி, இணைத்து மீட்க 2016 ஜூன் வரை ஆனது. அந்த ஆண்டு மழையும் பொய்த்து அணைகள் வறண்டிருந்த நிலையில், நீர்மின்சாரத்துக்குப் பெயர்பெற்ற தீவு டீசல் ஜெனரேட்டர்களை வரவழைத்தது.

## வழி 5: பாதைக்குப் பதில் சேமிப்பு

சூரிய மின் பூங்காவின் அருகிலேயே பேட்டரியை வைத்தால், நண்பகலின் உபரியைப் பிடித்துவைத்து மாலையில் அதே பாதை வழியாக அனுப்பலாம். பகலில் சில மணி நேரம் நிரம்பி, மற்ற நேரம் காலியாகக் கிடக்கும் பாதைக்கு இது மிகவும் உகந்தது. ஓரிரு ஆண்டுகளில் நிறுவிவிடலாம், தேவை மாறினால் வேறிடத்துக்குப் பெயர்க்கவும் செய்யலாம். பாதையின் இருப்புத் திறனுக்கு மாற்றாகவும் பேட்டரியைப் பயன்படுத்தும் முயற்சிகள் உண்டு: ஜெர்மனியின் குப்ஃபர்ட்செல்லில் அமைக்கப்படும் 250 மெகாவாட் பேட்டரி, பாதை ஒன்று விழுந்த நொடியில் கைகொடுப்பதற்காகவே திட்டமிடப்பட்டது; அதனால் இருக்கும் பாதைகளைச் சாதாரண நேரத்தில் கூடுதலாக நிரப்ப முடிகிறது.

இதன் எல்லை காலத்தில் இருக்கிறது. இன்றைய பேட்டரித் திட்டங்களில் பெரும்பாலானவை இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கானவை. தென் தமிழகத்தில் மே முதல் செப்டம்பர் வரை வாரக்கணக்கில் வீசும் காற்றை அவற்றால் பிடித்துவைக்க முடியாது. முதல் நாளிலேயே நிரம்பிவிடும். பருவக் காற்றுக்குத் தொலைவிலுள்ள வேறொரு சந்தைதான் தீர்வு, அதற்குப் பாதை வேண்டும். பேட்டரி தேய்வதால் 15 அல்லது 20 ஆண்டுகளில் மாற்ற வேண்டிவரும் என்பதையும், கோபுர வரிசை அரை நூற்றாண்டு நிற்கும் என்பதையும் ஒரே காலவரம்பில் வைத்து ஒப்பிட வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது பொருந்தும் | ஆகும் காலம் | கவனிக்காமல் விடப்படும் செலவு |
|---|---|---|---|
| கம்பி மாற்றம், வானிலைவழித் திறன் | குறுகிய பாதை, வெப்பமே தடை | மிகக் குறைவு | மின் இழப்பு, பணிக்கால நிறுத்தம், துணை மின்நிலையக் கருவிகள் |
| புதிய மாறுதிசைப் பாதை | பரவிக் கிடக்கும் உற்பத்தி, 600 கி.மீ.க்குட்பட்ட தொலைவு | நீண்டது | அகலமான தடம், அலைவு ஆய்வுகள் |
| நேர்திசை மேல்நிலைப் பாதை | 600–800 கி.மீ.க்கு மேல், மொத்தமாகப் பெரும் அளவு | நீண்டது | மாற்றி நிலையங்கள், இருப்புத் திறன் |
| கேபிள் | கடல், நகரம், பறவைகளின் வாழிடம் | மிக நீண்டதும் ஆகலாம் | மாதக்கணக்கான பழுதுநீக்கம் |
| சேமிப்பு | ஒரு நாளைக்குள் முடியும் உபரி | குறைவு | தேய்மானம், பருவ உபரிக்குப் பயனின்மை |

## எந்த வரிசையில் செய்வது

இவை ஒன்றையொன்று விலக்குவன அல்ல. ஆனால் வரிசை தவறினால் பணம் வீணாகும். சிலி நாட்டில் நடந்ததைப் பாருங்கள். வடக்கே அட்டகாமா பாலைவனத்தில் சூரிய மின் நிலையங்கள் விரைந்து எழுந்தன. சந்தியாகோவை நோக்கிச் செல்லும் 753 கிலோமீட்டர் கார்டோனஸ்–போல்பைக்கோ 500 கிலோவோல்ட் பாதை, வழியிலுள்ள மக்களின் எதிர்ப்பால் தாமதமாகி 2019-இல்தான் முழுமையடைந்தது. அதற்குள் உற்பத்தி அதன் திறனையும் மிஞ்சும் நிலைக்கு வந்துவிட்டதால், 1,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட, 3,000 மெகாவாட் நேர்திசைப் பாதை ஒன்று திட்டமிடப்பட்டது. அது வந்துசேரும் வரை வடக்கின் நண்பகல் உபரியைப் பேட்டரிகள்தாம் ஏந்திக்கொண்டிருக்கின்றன.

என் பரிந்துரை இந்த அனுபவத்தைச் சற்றே மாற்றி அடுக்குவது. வானிலைவழித் திறன் கணிப்பையும் கம்பி மாற்றத்தையும் முதல் ஆண்டிலேயே தொடங்கலாம். அதே ஆண்டில், பாதையைக் கட்டுவதென்று முடிவாகாவிட்டாலும், நெடுந்தொலைவுத் தடத்துக்கான ஆய்வையும் நில உரிமையாளர்களோடான பேச்சையும் தொடங்கிவிட வேண்டும். பணத்தைக் கொட்டினாலும் பின்னாளில் விரைவுபடுத்த முடியாத பகுதி அதுதான். இடைப்பட்ட ஆண்டுகளுக்குச் சேமிப்பை வாங்கலாம். பாதைக்கு முதலீட்டு ஒப்புதல் கேட்கும் நாளில், சேமிப்பு நிறுவிய பிறகும் எஞ்சியிருக்கும் நெரிசல் மணிநேரங்களைக் கொண்டே அதன் அளவைத் தீர்மானிக்க வேண்டும். சேமிப்பு வருவதற்கு முந்தைய புள்ளிவிவரத்தைக் கொண்டு போட்ட திட்ட அறிக்கையை ஒழுங்குமுறை ஆணையம் திருப்பி அனுப்புவதே முறை.